மேக்கால ஒரு வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆர்.எஸ்.புரத்தில் 28 வருடம் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, கோவைக்கு மேற்கே குடிபோன கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். சிறுவாணி சாலையில் இருந்து உள்ளே 2 கிலோமீட்டர். சுற்றிலும் மதில், வாசலில் காவலர், மொத்தம் 38 வீடு. 2014 ஆவணியில் பால் காய்ச்சினோம். அதைப் படித்த பலர் ‘நாங்களும் போகலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகளுக்குத்தான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் வருகிற மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். இப்போது இருக்கும் ஃபிளாட்டை விற்றுவிட்டு, தொண்டாமுத்தூர் பக்கம் 5 சென்ட்டில் ஒரு வில்லா வாங்கலாம் என்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தோம். மலை அப்படியே கண்முன் நின்றது. அவர் அன்றைக்கே முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, முழங்கால் வலியும் உண்டு. பையன் அமெரிக்காவில். வாங்கலாமா அக்கா?
வாசகி, சாயிபாபா காலனி, கோவை

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் பிடிக்கத்தான் செய்யும் அம்மணி. எங்களுக்கும் அப்படித்தான் பிடித்துப்போனது. அந்தப் பிடித்தம் பொய் இல்லை, அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பினால், மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துத் தென்னந்தோப்பில் போய்த்தான் எடுத்து வரவேண்டும். வெள்ளியங்கிரி மேல் மேகம் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கச் சாரலை அனுப்பும். ராத்திரி ஃபேன் வேண்டாம். ஆர்.எஸ்.புரத்தில் இருந்தவரை என் வீட்டுக்காரருக்கு மாதம் இரண்டு தடவை மூச்சிழுப்பு வரும். இங்கே வந்த இரண்டாம் வருடத்தில் இருந்து மார்கழிப் பனிக்கு மட்டும் வருகிறது. இந்த ஒன்றுக்காகவே இந்த வீட்டுக்கு நான் கும்பிடு போடுவேன். விடியக்காலையில் மயில் கத்தும். முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறேன். சாயங்காலம் தொட்டியோரம் உட்கார்ந்து கீரை ஆயும்போது, முப்பது வருடம் எதை இரைச்சல் என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது.

இனி மற்றது. 2019 ஐப்பசி, நல்ல மழை. ராத்திரி 1.40 மணிக்கு என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டுகிறது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். “எந்த ஊருங்க?” என்று கேட்டார்கள். எங்கள் குடியிருப்புக்கு ஆங்கிலத்தில் அழகாக ஒரு பெயர் உண்டு, அதைச் சொன்னேன். “அது இல்லீங்கம்மா, ஊர் பேர், பஞ்சாயத்துப் பேர் சொல்லுங்க” என்றார்கள். ஐந்து வருடம் குடியிருந்திருக்கிறேன், அந்த நேரத்தில் பஞ்சாயத்துப் பெயர் வாயில் வரவில்லை. பீரோவைத் திறந்து வீட்டு வரி ரசீதைத் தேடினேன். ஒரு கையில் போன், இன்னொரு கையில் டார்ச், கரண்ட் வேறு இல்லை. ரசீதைத் தேடிய அந்த மூன்று நாலு நிமிடம் இன்றைக்கும் எனக்குக் கனவில் வரும்.

வண்டி மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டது. தோப்புக்கு நடுவில் உள்ளே திரும்பும் இடம் அந்த மழையில் யாருக்கும் தெரியாது. வாசல் காவலுக்கு இருந்த செம்மேட்டுக்காரர் தன் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போய், முக்கில் நனைந்தபடி டார்ச் அடித்துக் கூட்டி வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி 3.25. பித்தப்பையில் கல் என்றார்கள், இதயம் இல்லை. இதயமாக இருந்திருந்தால் என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவே இல்லை.

கோவை அமைந்திருக்கும் விதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலை மேற்கே. பெரிய ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் அவிநாசி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும். நல்ல காற்று ஒரு கோடி, டாக்டர் இன்னொரு கோடி. நடுவில் பேரூரோ வடவள்ளியோ தாண்டி ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டும். ‘மேற்குப் புறவழிச்சாலை வந்துட்டா பத்து நிமிசம்’ என்று விற்பவர் சொல்வார். அந்தச் சாலை பாலக்காடு ரோட்டில் மைல்கல் என்கிற ஊரில் தொடங்கி, மாதம்பட்டி வழியாக மேட்டுப்பாளையம் ரோட்டில் போய்ச் சேர்கிறது. தெற்கு வடக்காகப் போகிற சாலை. கிழக்கே போகிற ஆம்புலன்சுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

அடுத்த மாதமே வண்டி ஓட்டப் பழகினேன், 56 வயதில். கிளட்ச் மிதிக்க முழங்கால் கெஞ்சியது. ஆட்டோமேட்டிக் வண்டியாக மாற்றிக்கொண்டோம். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்: வீடு வாங்குகிறீர்களோ இல்லையோ, இன்றைக்கே பழக ஆரம்பியுங்கள். உங்கள் வீட்டுக்காரர் ஒருவர்தான் ஓட்டுவார் என்றால், மேக்கால வீட்டில் நீங்கள் நினைத்த நேரத்துக்கு எங்கேயும் போக முடியாது. கோவிலுக்குப் போகவும் அவர் எழுந்து சட்டை போடவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அது எந்த விளம்பரத்திலும் இருக்காது. நம் பக்கம் ஒரம்பரை, அதாவது உறவுக்காரர்கள் என்றால் சொல்லிக்கொண்டா வருவார்கள்? ஆர்.எஸ்.புரத்தில் என் சின்னம்மா மார்க்கெட்டுக்கு வந்த கையோடு பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, “அம்மணி, ஒரு டம்ளர் மோரு” என்றபடி உள்ளே வந்துவிடுவார். இங்கே வந்த புதிதில், பொள்ளாச்சியில் இருந்து என் அண்ணன் தோட்டத்து மாங்காயை ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் நிறுத்தி, பெயர் எழுதச் சொல்லி, வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் தோட்டத்தில். மூன்று தடவை போட்டும் எடுக்கவில்லை. அண்ணன் பெட்டியைக் காவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். எழுபது வயது மனிதர், தங்கச்சி வீட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பியவர். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு போன் பண்ணி, தேதி சொல்லி, நாங்கள் ‘வாங்க’ என்று சொன்னால்தான் வருகிறார். அந்த மாங்காயில் ஊறுகாய் போட்டேன். அந்த வருடம் முழுக்க அது தொண்டையில் இறங்கவில்லை.

இப்போது எங்கள் உறவுக்காரர்கள் 14 பேரின் பெயரும் வண்டி எண்ணும் வாசல் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. இவர்களை நிறுத்தக்கூடாது என்று சங்கத்தில் எழுதி வாங்கியிருக்கிறேன்.

ஆக, என் பதில்: ஃபிளாட்டை விற்காதீர்கள். அதை வாடகைக்கு விட்டுவிட்டு, அதே வில்லா குடியிருப்பிலோ பக்கத்திலோ ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். ஆடிக் காற்றையும் ஐப்பசி மழையையும் பங்குனி வெயிலையும் ஒரு சுற்றுப் பாருங்கள். அதற்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வீட்டில் இருந்து கிளம்பி உங்கள் டாக்டர் ஆஸ்பத்திரி வரை போய்ப் பாருங்கள். வீட்டில் இருந்து நடந்துபோய் ஒரு கட்டுக் கொத்தமல்லித் தழை வாங்க முடிகிறதா என்றும் பாருங்கள். உங்கள் முழங்காலுக்கு நடக்கக்கூடிய தூரத்தில் ஒரு மளிகைக் கடையும் பஸ் நிறுத்தமும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். இல்லையென்றால், மலை எத்தனை அழகாகத் தெரிந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் வீட்டுக்காரர் என் மேல் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வி: வேலைக்கு ஆள் கிடைக்குமா?
வாசகி, சிங்காநல்லூர்

கிடைக்கும், பஸ் வரும் வரைக்கும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா காலை 7.10 டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம் ஆன பிறகு, மாதம் 600 ரூபாய் அவர் கையில் நிற்கிறது. அதைப் பேத்தி பேரில் தபால் நிலையத்தில் கட்டுகிறார். பஸ் நின்றுபோன நாளில் 38 வீட்டிலும் பாத்திரம் அப்படியே கிடக்கும். வீடு பார்க்கப் போகும்போது உள்ளே இருக்கும் கிளப் ஹவுஸைப் பார்க்கிறீர்கள். வெளியே பஸ் நிறுத்தத்துக்குப் போய் அங்கே நிற்கும் பெண்களிடம், “எத்தனை மணிக்குங்க பஸ்ஸு, கடைசி பஸ்ஸு எப்பங்க?” என்று கேளுங்கள். அவர்கள் வந்துபோக முடிந்தால்தான் உங்கள் குடித்தனம் நடக்கும்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். கம்பெனிக்கு மேலேயே வீடு. எந்நேரமும் சத்தம், பஞ்சுத் தூசு. அவிநாசி தாண்டி ஒரு கேட்டட் கம்யூனிட்டியில் நீச்சல்குளம், திடல் எல்லாம் இருக்கிறது. பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 13. பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைக்கிறேன். மனைவி மட்டும் வேண்டாம் என்கிறாள்.
வாசகர், திருப்பூர்

தம்பி, பையனுக்கு நல்லது. சந்தேகமே வேண்டாம். எங்கள் குடியிருப்பில் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸை விட்டு இறங்கினால் விளக்கு வைக்கும்வரை சைக்கிளிலேயே இருப்பார்கள். யார் வீட்டிலும் போய்த் தண்ணி குடிப்பார்கள். வண்டி இடிக்குமோ என்று எந்த அம்மாவும் வாசலில் நின்று கத்த வேண்டாம்.

பெண்ணுக்குப் 13 என்கிறீர்கள். அங்கேதான் யோசனை. அந்த வயதில் இருந்து பிள்ளைகளுக்கு வெளியே வேலை இருக்கும். டியூஷன், தோழி வீடு, ஒரு ஜெராக்ஸ், ஒரு சார்ட் அட்டை. திருப்பூரில் உங்கள் பெண் நடந்துபோய் வாங்கி வருவதை, அங்கே யாராவது காரில் கூட்டிப்போய் வாங்கித் தரவேண்டும். கம்பெனி வைத்திருக்கும் நீங்கள் ராத்திரி ஒன்பதுக்கு முன் வீடு வருவீர்களா? அப்படியானால் அந்த யாராவது உங்கள் மனைவிதான். ஒரு நாளைக்கு நாலு நடை ஓட்டுவார். அவர் ‘வேண்டாம்’ என்பதற்கு என்ன காரணம் என்று உட்கார்ந்து கேட்டீர்களா? அவருடைய அம்மா வீடு எத்தனை தூரம், கம்பெனிக் கணக்கு அவர் பார்க்கிறாரா, அங்கே போனால் அது என்னாகும் என்பதையும் கேளுங்கள். அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போவது அவர்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு மனசு கஷ்டப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். எதிர்வீட்டுப் பையன், 12 வயது, கெட்டிக்காரன். ஒரு சனிக்கிழமை அவனைப் பேரூர்க் கோவிலுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். கண்டக்டர் வந்து நின்றார். எந்த ஊருக்கு டிக்கெட் கேட்பது, காசை எப்படி நீட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை, என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். பிறந்ததில் இருந்து கார். பள்ளியிலும் அதே மாதிரி வீட்டுப் பிள்ளைகள். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனோடும் அவன் கிரிக்கெட் ஆடியதில்லை. அதற்குப் பிறகு ஆறு சனிக்கிழமை கூட்டிப்போனேன். ஏழாவது வாரம் அவனே தனியாகப் போய், பட்டீஸ்வரர் விபூதியை மடித்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். நீங்கள் போவதாக இருந்தால் இதை வாரா வாரம் செய்யுங்கள். பெண்ணுக்கும் சேர்த்து.

இன்னொரு சின்ன விஷயம். எங்கள் வீட்டுக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிற நொய்யல்தான் உங்கள் திருப்பூருக்குள் ஓடுகிறது. சாயத்தண்ணிக்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நீங்கள் இளைஞராக இருந்திருப்பீர்கள். காசு சேர்ந்தவர்கள் எல்லோரும் தூசில்லாத இடம் தேடிப் போய்விட்டால் ஊரைக் கேள்வி கேட்க ஆள் இருக்காது. போனாலும் உங்கள் ஊர்க் கூட்டங்களுக்கு வந்துபோய்க்கொண்டிருங்கள் தம்பி.

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலை. கோவையில் மலையடிவாரத்தில் ஒரு வில்லா பார்த்திருக்கிறேன். ‘வீட்டில் இருந்தே யானை பார்க்கலாம்’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். ஆபத்தா?
வாசகர், சோழிங்கநல்லூர்

அந்த விளம்பரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. யானை பார்க்க முடிகிற இடம் என்றால் யானை நடக்கிற இடம் என்று பொருள். அங்கே வீடு கட்டி விற்பதே தப்பு.

2022 வைகாசியில் ஒரு ராத்திரி. மணி இரண்டரை இருக்கும். நாய்கள் விடாமல் குரைத்தன, பிறகு ஒரேயடியாக அடங்கிவிட்டன. அந்த அமைதியில்தான் விழித்தேன். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், மதிலுக்கு அந்தப் பக்கம் இருட்டில் இன்னும் கறுப்பாக ஒன்று நிற்கிறது. தும்பிக்கை மட்டும் மதிலைத் தாண்டி உள்ளே வந்து, 31-ம் எண் வீட்டுப் பலாமரத்தைத் தடவியது. ஒரு பழம், இரண்டு பழம். மூச்சு விடும் சத்தம் கேட்டது. அரைமணி நேரம் இருக்கும். போகும்போது மதிலில் லேசாக உடம்பு பட்டது, ஆறடி நீளத்துக்குச் சரிந்து விழுந்தது. காலையில் ஈர மண்ணில் காலடியைப் பார்த்தோம். எங்கள் வீட்டுச் சோத்துக் குண்டா உள்ளே உட்காரும். என்னை நிலைகுலைய வைத்தது என்னவென்றால், அந்த மதில் இருந்த இடம் ரொம்ப நாளாக யானைத்தடம் என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அன்றைக்குத்தான் சொன்னார். “அது அதும்பாட்டுக்குப் போயிட்டிருந்ததுங்க. நடுவுல நீங்க வந்துட்டீங்க” என்றார். அதில் வருத்தமோ குற்றச்சாட்டோ இல்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுக்க நான் யாரிடமும் பேசவில்லை.

சின்னத்தம்பி என்கிற யானையை உங்களுக்கு நினைவிருக்கும். தடாகம் பக்கம் தோட்டங்களுக்கு வருகிறது என்று 2019 ஜனவரியில் பிடித்து, டாப்சிலிப் பக்கம் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது நடந்தே உடுமலைப்பேட்டை வரைக்கும் வந்து கரும்புத் தோட்டத்தில் நின்றது. பிப்ரவரியில் மறுபடியும் பிடித்து வரகளியாறு முகாமில் கூண்டில் அடைத்தார்கள். 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் நோயுற்று இறந்த பெண் யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவு இருந்தது, கருவில் குட்டியும் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எங்கள் குடியிருப்பில் ஒரு சிப்ஸ் கவரைக்கூட வெளியே போகவிடுவதில்லை.

வீடு பார்க்கிற ஊர் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில், இங்கே ‘ஹாகா’ என்பார்கள், இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், கட்டுவதற்கு அந்தக் குழுமத்தின் அனுமதி வேண்டும். காட்டுக்கும் வீட்டுக்கும் எத்தனை மீட்டர் என்று வனச்சரக அலுவலகத்திலேயே கேளுங்கள். காட்டை ஒட்டி இருந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு: பலா, வாழை வேண்டாம். குப்பைத்தொட்டி வீட்டுக்குள் இருக்கட்டும். ராத்திரி டார்ச் அடித்துப் படம் எடுக்கப் போகாதீர்கள். யானையைவிட அடிக்கடி வருவது பாம்பு. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

கேள்வி: ஆலாந்துறை பக்கம் ‘பண்ணை மனை’ 25 சென்ட், கேட், மதில், கிளப் ஹவுஸ் எல்லாம் வரும் என்கிறார்கள். விவசாய நிலம் என்பதால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் தேவையில்லையாம். விலையில் பாதியை இப்போதே கேட்கிறார்கள்.
வாசகர், ஈரோடு

கொடுக்காதீர்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும், அதற்குப் பிறகு 2017-ல் அரசு அவற்றை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும், அந்தத் திட்டம் 20.10.2016-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்குத்தான் என்பதும் நிலம் விற்கிற எல்லோருக்கும் தெரியும். புதிதாகப் பிரித்து மதில் கட்டி வீடு கட்டலாம் என்று விற்பது மனைப்பிரிவுதான், பெயரில் பண்ணை இருந்தால் மாறிவிடாது. 2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் போடும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. பாதியைக் கேட்கிறார் என்பதே உங்களுக்குப் போதுமான பதில். அந்தச் சட்டத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எண் கொடுத்தால் இணையத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கட்டிய வீடாக இருந்தால், கட்டுமானக் குறைக்கு 5 வருடம் கட்டியவரே பொறுப்பு என்பதும் அதில் உண்டு.

கேள்வி: நாங்கள் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறவர்கள். எங்கள் மாகாளியம்மன் கோவிலுக்குப் போகிற இட்டேரியை (வேலிகளுக்கு நடுவில் போகும் வண்டிப்பாதை), புதிதாக வந்த பங்களா குடியிருப்புக்காரர்கள் மதிலுக்குள் சேர்த்துக் கேட் போட்டுவிட்டார்கள். இப்போது கோவிலுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் சுத்திப் போகிறோம். நோம்பிக்கு, கோவில் திருவிழாவுக்குத் தீர்த்தக்குடம் எப்படிக் கொண்டுபோவது? நீங்களும் அந்த மாதிரி இடத்தில் இருப்பவர்தானே, எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள்.
வாசகர், தொண்டாமுத்தூர் வட்டாரம்

அண்ணா, நீங்கள் என்னைக் கேட்டது நியாயம். நான் இருக்கும் குடியிருப்பிலும் இது நடந்தது.

நாங்கள் குடிவந்தபோது தென்புறத்தில் ஓர் இட்டேரி இருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். கோவைப்பழம் தொங்கும், பிரண்டை படர்ந்திருக்கும், அணில் குறுக்கே ஓடும், கீரி எட்டிப் பார்க்கும். பொழுதோட ஆடு ஓட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள் அதன் வழியாகப் போவார்கள். 2016-ல் ‘பாதுகாப்பு’ என்று சொல்லி அந்தப் பக்கம் கேட் போட்டார்கள். சங்கக் கூட்டத்தில் நானும் கைதூக்கினேன். மூன்று வருடம் கழித்து, ஆம்புலன்சைக் கூட்டி வந்தாரே, அந்தக் காவலர்தான் ஒருநாள் சொன்னார், தன் தங்கச்சி வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு அந்த இட்டேரியில்தான் போய்க்கொண்டிருந்தார்கள் என்று. எங்களுக்காக மழையில் நனைந்து நின்ற மனிதருடைய வீட்டுப் பிள்ளைகளின் வழியை நான் கைதூக்கி அடைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு சங்கத்தில் பேசி, 2020 தை மாதம் அந்தக் கேட்டைக் கழற்றினோம். கிளுவையைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். மறுபடி போத்து வெட்டி நட்டிருக்கிறோம், இப்போது இடுப்பு உயரம் வந்திருக்கிறது.

உங்களுக்கு வழி இது. கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தச் சர்வே எண்ணுக்கான புலப்படம் (நில அளவை வரைபடம்) கேளுங்கள். அதில் வண்டிப்பாதை என்று இருந்தால் அது யாருடைய தனிச்சொத்தும் இல்லை. அடுத்து, அந்தக் குடியிருப்பின் மனைப்பிரிவு வரைபடத்தைப் பாருங்கள். அங்கீகாரம் வாங்கும்போது உள்சாலைகளைப் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்படிக் கொடுத்த சாலை ஊர்ச்சாலை. உள்ளே குடியிருப்பவர்களுக்கே இது பெரும்பாலும் தெரியாது, தங்கள் சொந்தச் சாலை என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். இரண்டு நகலையும் வைத்துக்கொண்டு கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, எது முதலில் வருகிறதோ அன்றைக்கு. தீர்மான நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்ப்புக் கூட்டத்தில் மனுக் கொடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்காரர்களை நோம்பிச் சாட்டுக்கு அழையுங்கள். நம் வீட்டு அம்மாக்களை விட்டு மாவிளக்குத் தட்டோடு போய் அழைக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் ஒரு கோவில் இருப்பதே தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

கேள்வி: நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அப்பா போய் ஒன்றரை வருடம். அம்மா தாளியூர் பக்கம் எங்கள் வில்லாவில் தனியாக இருக்கிறார், 69 வயது. அந்தக் குடியிருப்பில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. என்னோடு வா என்றால் வரமாட்டேன் என்கிறார். விற்றுவிட்டு ஊருக்குள் ஃபிளாட் பார்க்கவும் சம்மதிக்கவில்லை. எனக்குத் தூக்கமே வருவதில்லை.
வாசகி, பெங்களூர்

கண்ணு, பயப்படுவது சரிதான். ஆனால் அம்மாவை அவசரமாகப் பெயர்க்காதே. அப்பா வைத்த மரம், அப்பா உட்கார்ந்த நாற்காலி எல்லாம் அந்த வீட்டில் இருக்கிறது. பெங்களூர் ஃபிளாட்டில் பகல் முழுக்க அவரும் தனியாகத்தான் இருப்பார், பாஷையும் தெரியாமல்.

எங்கள் குடியிருப்பில் 17-ம் எண் வீட்டில் உன் அம்மா வயதில் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். வீடு முழுக்கக் கேமரா வைத்துப் பிள்ளைகள் அங்கிருந்து பார்க்கிறார்கள். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அங்கே கேமரா கிடையாது, வைக்கவும் முடியாது. பால்காரர்தான், முதல்நாள் பால் பாக்கெட் எடுக்காமல் தொங்குவதைப் பார்த்து வாசலில் போய்ச் சொன்னார். அன்றில் இருந்து நாங்கள் ஐந்து பெண்கள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். காலையில் எழுந்ததும் முன்வாசல் லைட்டை அணைக்க வேண்டும். ஏழு மணிக்கு மேல் யார் வீட்டு லைட் எரிந்தாலும் பக்கத்தில் இருப்பவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். மறுசாவி என்னிடம் ஒன்று, வேலை செய்யும் அம்மாவிடம் ஒன்று.

அம்மா குடியிருப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று அடுத்த முறை வரும்போது வீடு வீடாகப் போய்ப் பேசு. குளியலறையில் பிடிமானக் கம்பி வை. தாழ்ப்பாளை வெளியில் இருந்து திறக்கிற மாதிரி மாற்று. 108-க்குச் சொல்லவேண்டிய ஊர்ப் பெயர், பஞ்சாயத்துப் பெயர், திரும்பும் இடத்துக்கு அடையாளம், மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்கு மேலே ஒட்டு. ஒரு வருடம் பார். அதற்குப் பிறகும் பூட்டிய வீடுகள் பூட்டியே கிடந்தால், அப்போது விற்பதைப் பற்றி அம்மாவிடம் நானே வந்து பேசுகிறேன்.

வியாழக்கிழமை தோறும் நான் காய் வாங்கத் தொண்டாமுத்தூர் போகிறேன். தாளியூர் எனக்கு வழிதான். பத்து மணி வாக்கில் வருவேன் என்று அம்மாவிடம் சொல். ஒரு டம்ளர் மோர் மட்டும் போதும், பலகாரமெல்லாம் செய்யவேண்டாம். ஆசிரியர் குழுவில் கேட்டால் என் எண்ணைக் கொடுப்பார்கள். அப்புறம், வாசல் நோட்டில் என் பெயரை எழுதி வைக்கச் சொல்லிவிடு கண்ணு.